பியூஷன் வந்தா ரேடியேஷன் போயிடுமா?

கேப் டவுன்ல கோயிலுக்குப் போனா பிரசாத வரிசையில யாராவது பிடிச்சுக்குவாங்க, நான் ரேடியேஷன் பாதுகாப்பு வேலை பாக்குறவன்னு எல்லாருக்கும் தெரியும். "ஏன் தம்பி, கூபெர்க்கை மூடிட்டு பியூஷன் கட்டிட்டா என்ன, அதுல ரேடியேஷனே இல்லையாமே?" பாதி சரி, பாதி தப்பு, தப்பான பாதிதான் வாட்ஸ்அப்ல சுத்துது. கூபெர்க்குங்குறது இங்க தென்னாப்பிரிக்காவுல, கேப் டவுன் பக்கத்துல இருக்குற அணுமின் நிலையம், அது கனமான அணுவைப் பிளந்து (பிஷன்) சூடு எடுக்குது, பியூஷன்னா லேசான அணுக்களைச் சேர்த்து எடுக்குறது.

முதல்ல, கூபெர்க் அணுகுண்டு மாதிரி வெடிச்சுடுமோங்குற பயம். கூபெர்க்ல போடுற எரிபொருள்ல யுரேனியம்-235, அதாவது சுலபமா பிளக்குற வகை, 5 சதவீதத்துக்கும் கீழதான், குண்டுக்கு சுமார் 90 சதவீதம் வேணும். 6 குண்டு செஞ்சு வச்சிருந்து தானே பிரிச்சுப் போட்ட நாடு இது, 1993ல அப்போ ஜனாதிபதியா இருந்த டி கிளார்க் பார்லிமென்ட்லயே சொன்னாரு, அதனாலதானோ என்னவோ இங்க ஆளுங்களுக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரியுது. ரியாக்டர் அணுகுண்டு மாதிரி வெடிக்காதுங்க.

நாங்க நிஜமா பயப்படுறது நிறுத்தின பிறகு வர்ற சூட்டுக்கு. நியூட்ரானை உறிஞ்சுற கண்ட்ரோல் ராட் சில செகண்ட்ல இறங்கிடும், அணுங்க வரிசையா பிளக்குற செயின் ரியாக்ஷன் நின்னுடும், ஆனா ஏற்கனவே பிளந்த அணுத் துண்டுங்க சிதைஞ்சுக்கிட்டே சூட்டை விட்டுக்கிட்டே இருக்கும். கூபெர்க்ல ஒரு யூனிட்டோட, அதாவது ஒரு ரியாக்டரோட வெப்பம் சுமார் 2,775 மெகாவாட், நின்ன நொடியில அதுல 6, 7 சதவீதம், அதாவது 180 மெகாவாட் பக்கம் இன்னும் வந்துக்கிட்டு இருக்கும், ஒரு மணி நேரம் கழிச்சுக்கூட 40 மெகாவாட் இருக்கும். தண்ணி ஓடியே ஆகணும். 2011ல புகுஷிமாவுல பூகம்பம் வந்ததும் ஓடிக்கிட்டிருந்த ரியாக்டருங்க ஒழுங்காத்தான் நின்னுச்சு, அப்புறம் சுனாமி டீசல் ஜெனரேட்டரை மூழ்கடிச்சது, பம்ப் நின்னது, மிச்சம் உங்களுக்கே தெரியும். லோட் ஷெட்டிங், அதாவது முறை வச்சு கரண்ட் நிறுத்துற நேரத்துல கூபெர்க்குக்கும் கரண்ட் போயிடுமான்னு ஒரு அக்கா கேட்டாங்க, நல்ல கேள்வி. டீசல் ஜெனரேட்டர் இருக்கு, அது போக அகேஷியா கேஸ் டர்பைன் ஸ்டேஷனும் இதுக்கு பேக்கப்பா இருக்கு.

பியூஷன்ல இந்தத் தலைவலி ரொம்பக் குறைவு. ஹைட்ரஜனோட கனமான ரெண்டு வகையான டியூட்டீரியத்தையும் ட்ரிஷியத்தையும் 15 கோடி டிகிரியில சேர்க்கணும், உள்ள இருக்குற எரிபொருள் சில கிராம்தான், ஏதாவது கெட்டுச்சுன்னா அந்தக் கொதிக்குற வாயு (பிளாஸ்மா) ஆறிப் போய் தானா நின்னுடும். கஷ்டமே அதை நிக்காம ஓட வைக்குறதுலதான். இங்கிலாந்துல ஜெட் (JET)ங்குற பியூஷன் ஆராய்ச்சி மெஷின் 2023ல 0.2 மில்லிகிராம் எரிபொருள்ல 69 மெகாஜூல் எடுத்து ரெக்கார்ட் போட்டுச்சு, நம்ம ப்ரீபெய்ட் மீட்டர் கணக்குல சொன்னா 19 யூனிட், அதுவும் வெப்பமா, உள்ள போட்டது அதைவிட ஜாஸ்தி. அமெரிக்காவுல 2022 டிசம்பர்ல பியூஷன் எரிபொருள் மேல லேசர்ல 2.05 மெகாஜூல் அடிச்சு 3.15 மெகாஜூல் வாங்கினாங்க, பேப்பர்ல எல்லாம் பெருசா வந்துச்சு, ஆனா அந்த லேசரை ஓட்ட கரண்ட் லைன்ல இருந்து இழுத்தது 300 மெகாஜூல் பக்கம். இது வரைக்கும் எந்த பியூஷன் மெஷினும் ஒரு ஊருக்குக் கரண்ட் குடுக்கல.

ரேடியேஷன் இல்லைங்குறதுதான் என்னால ஒத்துக்க முடியாதது. ஒவ்வொரு பியூஷன்லயும் 14.1 எம்இவி (MeV) சக்தியோட வேகமான நியூட்ரான் ஒண்ணு பறந்து வந்து சுத்தியிருக்குற ஸ்டீலையே ரேடியோஆக்டிவ் ஆக்கிடும். புளூட்டோனியம் மாதிரி 24,000 வருஷ அரை ஆயுள் இல்ல, சரியான ஸ்டீல் போட்டா நூறு வருஷத்துக்குள்ள பெரும்பாலும் அடங்கிடும்னு டிசைன் பண்றாங்க, அது பெரிய லாபம்தான், ஆனா அந்த நூறு வருஷமும் என்னை மாதிரி ஆளு வேணும்.

அப்புறம் ட்ரிஷியம். அதுல இருந்து வர்ற பீட்டா கதிர் தோலைக்கூட தாண்டாது, நெஞ்சுல மாட்டியிருக்குற ரேடியேஷன் அளக்குற பேட்ஜ் சும்மா இருக்கும், வெளிய வரும்போது கை கால் வைக்குற மானிட்டரும் பெரும்பாலும் கத்தாது. உள்ள போச்சான்னு பாக்க யூரின் சாம்பிள்தான் வழக்கமான வழி. ரியாக்டர் தண்ணியிலயும் கொஞ்சம் ட்ரிஷியம் உண்டு, அதனால அந்த பாட்டில் எங்களுக்குப் புதுசு இல்ல. பியூஷன் பிளாண்ட்ல அதுதான் தினசரி வேலையா இருக்கும். உள்ள போயிட்டா நிறைய தண்ணி குடிக்கச் சொல்லுவோம், பத்து நாள்ல பாதி வெளிய போயிடும். அயோடின் மாத்திரை இதுக்கு உதவாது, அது தைராய்டுக்கு மட்டும், அதுவும் பிஷன் விபத்துல வர்ற அயோடின்-131க்கு, அதையும் அதிகாரிங்க சொன்னாத்தான் போடணும்.

கூபெர்க் யூனிட் 1க்கு 2044 வரைக்கும் லைசென்ஸ் குடுத்தாச்சு. அதனால மெல்க்போஸ்ஸ்ட்ரான்ட், டேபிள் வியூ பக்கம் இருக்குறவங்க பியூஷன் வீடியோவை ஃபார்வேர்டு பண்றதுக்கு முன்னாடி நம்ம வீடு கூபெர்க்கைச் சுத்தி இருக்குற 16 கிலோமீட்டர் அவசரத் திட்ட வட்டத்துக்குள்ள வருதா, சைரன் கேட்டா ஜன்னலைச் சாத்திட்டு எந்த ரேடியோவைப் போடணும்னு வீட்டுல பெரியவங்களுக்கும் சொல்லி வைங்க.