லேசர்: கதிர்வீச்சு அல்ல, சீரொளி

டப்பிங் செய்யப்பட்ட உளவுப் படங்களில் வில்லன் லேசரை இயக்கியதும் 'கதிர்வீச்சு வருது, ஓடு!' என்று யாராவது கத்துகிறார்கள். சப்டைட்டிலிலும் அது 'கதிர்வீச்சுத் துப்பாக்கி'. லேசருக்குச் 'சீரொளி' என்ற தமிழ்ச் சொல் இருக்கையில் இந்தத் தவறு நிலைத்துவிடக் கூடாது.

லேசர் முதலெழுத்துகளைக் கோத்து உருவான பெயர்: லைட் ஆம்ப்ளிஃபிகேஷன் பை ஸ்டிமுலேட்டட் எமிஷன் ஆஃப் ரேடியேஷன். தூண்டிய உமிழ்வால், அதாவது ஒளி பட்ட அணுக்கள் அதே வகை ஒளியை வெளிவிடுவதால், ஒளியைப் பெருக்குதல் என்று பொருள். நுண்ணலையைப் பெருக்கும் கருவிக்கு இருந்த 'மேசர்' என்ற பெயரை ஒட்டி, அமெரிக்க இயற்பியலாளர் கார்டன் கூல்ட் 1957இல் தம் குறிப்பேட்டில் இதை எழுதினார். 1960 மே 16 அன்று தியோடர் மைமன் மாணிக்கப் படிகத்தைக் கொண்டு முதல் லேசரை இயக்கிக் காட்டினார்.

குழப்பம் கடைசியில் நிற்கும் 'ரேடியேஷ'னால் வருகிறது. அகராதியைத் திறந்தால் கதிர்வீச்சு என்றிருக்கும். இயற்பியலில் அது சரியே. டார்ச் வெளிச்சமும் வானொலி அலையும்கூடக் கதிர்வீச்சுதான். ஆனால் தமிழில் அச்சொல்லைக் கேட்பவர் மனத்தில் எழுவது அணு உலையும் எக்ஸ்-ரே அறையும். அந்த அச்சம் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் அயனியாக்கக் கதிர்வீச்சுக்கு உரியது. படத்தில் காட்டும் சிவப்பு லேசரின் ஆபத்து வேறு. அது சுடும், வெட்டும், விழித்திரையைப் பொசுக்கும். சிலர் இன்னும் ஒருபடி போய்க் 'கதிரியக்கம்' என்றே எழுதுகிறார்கள். அது யுரேனியம் போன்ற தனிமங்களின் அணுக்கரு சிதைவதைக் குறிப்பது. லேசருக்கும் அதற்கும் உறவே இல்லை.

'ஒளிக்கதிர்' போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. சூரியனிலிருந்து வருவதும் ஒளிக்கதிர்தான். லேசரைத் தனித்துக் காட்டுவது அதன் ஒழுங்கு: ஏறக்குறைய ஒரே அலைநீளம், ஏற்ற இறக்கம் பிசகாமல் சேர்ந்து செல்லும் அலைகள். அந்த ஒழுங்கைச் 'சீரொளி' என்ற சொல் 'சீர்' என்ற முதல் பகுதியிலேயே சொல்லிவிடுகிறது. செய்யுளில் சீர் தப்பினால் காது உடனே கண்டுகொள்வதுபோல, இங்கும் அலைகளின் நடை தப்பினால் அது வெறும் வெளிச்சம். சீரொளிக் கற்றை, சீரொளி அறுவை என்று கிளைச்சொற்களும் இடறாமல் வருகின்றன. லேசர் என்றே எழுதினாலும் எனக்கு மறுப்பில்லை. கதிர்வீச்சு என்று மட்டும் வேண்டாம்.

'படமே கற்பனைதானே, இதில் என்ன துல்லியம்?' என்கிறார்கள். 1964இல் வந்த 'கோல்டுஃபிங்கர்' என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்தில் நாயகனைக் கட்டிப்போட்ட மேசையை லேசர் பிளந்துகொண்டு வரும். மூல நாவலில் அந்த இடத்தில் இருந்தது வட்ட ரம்பம். திரையில் தெரிந்த கற்றையும் பிறகு சேர்த்ததே. தூசோ புகையோ சிதறடிக்காமல் லேசர் பக்கவாட்டில் கண்ணுக்குத் தெரியாது. இந்த மிகைகளைப் பார்வையாளர் விரும்பி ஏற்கிறார். ஆனால் மொழிபெயர்ப்பாளர் அவருக்குத் தவறான அறிவியலைக் கற்பிப்பதை எப்படி ஏற்பது?

இதே கைகள்தான் வில்லன் விண்ணில் ஏவும் சாட்டிலைட்டை வெறுமனே 'துணைக்கோள்' என்கின்றன. துணைக்கோள் என்றால் நிலவு. மனிதன் ஏவுவதற்குச் செயற்கைக்கோள் என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த சொல் இருக்கிறது. அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்துக்கொண்டு, காட்சியைப் பார்க்காமலே வசனம் எழுதினால் இப்படித்தான் வரும்.