கண்புரைச் சிகிச்சைக்கு மானியம்: முதலில் எங்கே போகவேண்டும்?

கண்புரை அறுவைச் சிகிச்சைக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: முதலில் எங்கே காட்டினீர்கள்? சிங்கப்பூரில் செலவின் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது அந்த முதல் இடம்தான்.

வயது ஏற ஏற கண்ணுக்குள் இருக்கும் இயற்கை வில்லை மெல்ல மங்கிப்போகிறது. அதுதான் புரை. நீரிழிவு, நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து, புகைப்பழக்கம், கண்ணில் பட்ட அடி ஆகியவை அதை முன்கூட்டியே கொண்டுவரும். நம் சமூகத்தில் நீரிழிவு அதிகம் என்பதால் இதை அலட்சியப்படுத்தவே கூடாது. சொட்டு மருந்தால் புரை கரையாது. தொடக்கத்தில் கண்ணாடியின் பவரை மாற்றினால் கொஞ்ச காலம் ஓட்டலாம், பிறகு அதுவும் உதவாது. "நல்லா முத்தட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்" என்று பெரியவர்கள் சொல்வது பழைய அறுவை முறைக்குப் பொருந்திய பேச்சு. இன்று செய்யப்படும் முறையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் துளை வழியே மீயொலி அலையால் வில்லையை உடைத்து உறிஞ்சி எடுத்துவிட்டுச் செயற்கை வில்லையைப் பொருத்துகிறார்கள். முற்றி இறுகிய வில்லையை உடைப்பதுதான் சிரமம். படியிறங்கத் தடுமாற்றம், இரவில் எதிரே வரும் விளக்கு கண்ணைக் கூசவைப்பது, மருந்துச் சீட்டைப் படிக்கமுடியாமல் போவது என்று அன்றாட வாழ்க்கை இடறத் தொடங்கினால் மருத்துவரிடம் பேசும் காலம் வந்துவிட்டது.

பேச்சை அரசாங்கப் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) தொடங்குங்கள். அங்குள்ள மருத்துவர் தரும் பரிந்துரைக் கடிதத்தோடு போனால், சிங்கப்பூர் தேசியக் கண் நிலையமோ டான் டோக் செங் மருத்துவமனையோ உங்களை மானியம் பெறும் நோயாளியாக எடுத்துக்கொள்ளும். தனியார் மருந்தகக் கட்டணத்துக்கு அரசாங்க உதவி தரும் சாஸ் (CHAS) அட்டை உள்ளவர்கள், அத்திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருந்தகத்திலிருந்தும் அதே கடிதத்தைப் பெறலாம். கண்ணாடிக் கடையில் புரை இருப்பதாகச் சொன்னால், அவர்கள் தரும் சீட்டையும் பலதுறை மருந்தகத்துக்கே கொண்டுபோங்கள். நீங்களே தொலைபேசியில் அழைத்து, குறிப்பிட்ட மருத்துவர் வேண்டுமென்று நேரம் பதிவு செய்தால், அது அரசாங்க மருத்துவமனையாகவே இருந்தாலும் தனியார் நோயாளிக் கட்டணம்தான். பாதியில் மானியத்துக்கு மாற வேண்டுமென்றால் வருமானத்தைக் காட்டி விண்ணப்பிக்க வேண்டும், எளிதில் கிடைக்காது. மானிய வழியில் மருத்துவரை நாம் தேர்ந்தெடுக்க முடியாது, காத்திருக்கவும் வேண்டியிருக்கும். அவசரமில்லாத புரைக்கு அந்தக் காத்திருப்பு தாங்கக்கூடியதே என்பது என் கருத்து.

எவ்வளவு மானியம் என்பதைக் குடும்பத்தின் தலைக்குரிய மாத வருமானம் முடிவு செய்கிறது. வருமானமே இல்லாத வீடென்றால் வீட்டின் ஆண்டு மதிப்பை, அதாவது வாடகைக்கு விட்டால் ஓராண்டில் கிடைக்கக்கூடிய தொகையைப் பார்க்கிறார்கள். நிரந்தரவாசிகளுக்கும் மானியம் உண்டு, குடிமக்களைவிடக் குறைவு. 1949 இறுதிக்குள் பிறந்து 1986 இறுதிக்குள் குடியுரிமை பெற்ற முன்னோடித் தலைமுறையினருக்கு, சிறப்பு மருத்துவர் வெளிநோயாளிக் கட்டணத்தில் மானியம் போக மிஞ்சுவதில் இன்னும் 50 விழுக்காடு குறையும். 1950களில் பிறந்து 1996 இறுதிக்குள் குடியுரிமை பெற்ற மெர்டேக்கா தலைமுறையினருக்கு அது 25 விழுக்காடு.

மீதித் தொகைக்குத்தான் மெடிசேவ், அதாவது சம்பளத்திலிருந்து மருத்துவத்துக்கென ஒதுக்கப்படும் நம் சொந்தச் சேமிப்பு. அறுவைக்கு மருத்துவமனையில் இரவு தங்கவேண்டியதில்லை. ஆனாலும் பகல்நேர அறுவைக்கு மெடிசேவை எடுக்கலாம், ஒவ்வோர் அறுவைக்கும் ஓர் உச்சவரம்பு உண்டு. குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உள்ள அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃபும் பகல்நேர அறுவையை உள்ளடக்கும். ஆனால் பில்லில் முதற்பகுதியை நாமே ஏற்கவேண்டும் என்பது விதி. மானியம் போன பில் அந்தத் தொகையைத் தாண்டாவிட்டால் காப்புறுதியிலிருந்து ஒன்றும் வராது. இதை முன்பே தெரிந்துகொண்டால் ஏமாற்றம் இருக்காது.

அம்மா அப்பாவின் கணக்கில் பணம் போதவில்லை என்றால் பிள்ளைகள் தங்கள் மெடிசேவிலிருந்து கொடுக்கலாம். ஊரிலிருந்து நீண்டகால வருகை அனுமதியில் வந்து நம்மோடு தங்கியிருக்கும் பெற்றோருக்கும் இது பொருந்தும், அவர்கள் எந்த நாட்டுக் குடிமக்களாக இருந்தாலும் சரி. அவர்களுக்கு மானியம் கிடையாது, மெடிஷீல்டு லைஃப் கிடையாது, ஆனால் மகனின் மகளின் மெடிசேவ் உண்டு. பலருக்கு இது தெரியாமலே கைக்காசு கரைகிறது. அதே சமயம், மதுரைக்கோ சென்னைக்கோ போய்ச் செய்துகொண்டால் மெடிசேவில் ஒரு வெள்ளிகூட எடுக்கமுடியாது.

அறுவைக்கு நாள் குறிக்கும்போது மருத்துவமனையில் செலவு விளக்கம் கேளுங்கள், உத்தேச பில்லைக் காட்டுவார்கள். அப்போதே வில்லையைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். சாதாரண ஒற்றைக்குவிய வில்லை தூரப் பார்வையைச் சரிசெய்யும். படிக்கக் கண்ணாடி தேவைப்படலாம். பல்குவிய வில்லையும் கருவிழி வளைவுக் கோளாற்றைத் திருத்தும் வில்லையும் விலை கூடியவை. அவற்றில் கைக்காசு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சாதாரண வில்லையைத் தேர்ந்தெடுத்தால் தரக்குறைவான சிகிச்சை என்று யாரும் நினைக்கவேண்டாம். இவ்வளவுக்குப் பிறகும் கட்டமுடியாத குடிமக்கள் மருத்துவமனையின் மருத்துவச் சமூக ஊழியரிடம், அரசாங்க உதவி நிதியான மெடிஃபண்டுக்கு விண்ணப்பிக்கலாம். பில் வந்து கலங்குவதற்கு முன்பே அவரைப் பார்ப்பது நல்லது.

பெரும்பாலானோருக்குக் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்து, அரைமணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். அழைத்துப்போக ஒருவர் வேண்டும். சொட்டு மருந்தைச் சில வாரங்கள் தவறாமல் விடவேண்டும், கண்ணைக் கசக்கக்கூடாது. வலி கூடினாலோ, கண் சிவந்து பார்வை மங்கினாலோ அடுத்த சந்திப்பு நாள்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கிருமித்தொற்று அரிது, ஆனால் வந்தால் சில மணி நேரத்திலேயே பார்வையைப் பறித்துவிடலாம்.