அறுபதில் மட்டும் வரும் சத்தம்

மலேசியாவின் பினாங்குப் பாலத்தில் கப்சாய் என்னும் சிறிய மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பலருக்கு இது பழக்கமான தொல்லை. மணிக்கு ஐம்பது கிலோமீட்டரில் ஒன்றும் இருக்காது. அறுபதைத் தொட்டதும் எங்கிருந்தோ ‘கடகட’ என்று ஆரம்பிக்கும், எழுபதில் நின்றுவிடும். பட்டறையில் ஸ்டாண்டு போட்டு எஞ்சினை ஓடவிட்டால் வண்டி பரம சாது. “நேத்து வரைக்கும் அடிச்சுச்சுண்ணே” என்றால் போர்மேன் நம்மைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்.

கப்சாய்க்கு ஒரே சிலிண்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் உதறலை, அந்த ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்குத் தண்டில் வைத்த எடை ஓரளவுதான் ஈடுகட்டும். மிச்சமெல்லாம் சட்டத்துக்குள் இறங்குகிறது. நின்றபடி ஓடும்போது எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்று, அதாவது நொடிக்கு 23 உதறல். கடைசி கியரில் அறுபதில் போனால் இது 90-ஐ ஒட்டி வந்துவிடும். பட்டறையில் நிற்கும் வண்டியும் பாலத்தில் ஓடும் வண்டியும் சட்டத்தை ஆட்டும் விதமே வேறு.

வண்டியில் மாட்டிய ஒவ்வொரு பாகத்துக்கும் அதன் எடையையும் விறைப்பையும் பொறுத்து இயல்பான அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் நொடிக்கு இத்தனை முறை அதிரும் என்ற கணக்கு, ஒன்று உண்டு. உறுமியின் தோலை இறுக்கினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும் அல்லவா? திருகு இறுக்கமாக இருக்கும்வரை நம்பர் பிளேட்டின் அதிர்வெண் எஞ்சினுக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். திருகு தளர்ந்தால் விறைப்பு குறைந்து அது 90-க்கு இறங்கி வரலாம். அப்போது எஞ்சின் தரும் ஒவ்வொரு உதறலும் சரியான தருணத்தில் விழுந்து ஆட்டத்தைப் பெருக்கும். இதுதான் ஒத்ததிர்வு. வேகம் கூடினால் தருணம் தப்பிப்போகும், சத்தமும் அடங்கும்.

ஆட்டம் பெரிதாக இருக்கவும் வேண்டாம். தன் எடையால் மட்டும் உட்கார்ந்திருக்கும் ஒரு பாகம் துள்ளி அடிக்க, அதன் அடித்தளம் நொடிக்கு 90 முறை மேலும் கீழும் 0.03 மில்லிமீட்டர் அசைந்தாலே போதும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாமல் போவது அதனால்தான்.

காதும் அவ்வளவாக உதவாது. ஒலி ஒரு காதுக்கும் மறு காதுக்கும் வந்துசேரும் நேர வித்தியாசத்தை முக்கியமாக வைத்து மூளை திசையை ஊகிக்கிறது. அந்த வித்தியாசம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. நாமோ ஹெல்மெட் போட்டிருக்கிறோம். போதாததற்கு, இரும்பில் ஒலி காற்றில் போவதைவிட ஏறத்தாழ 15 மடங்கு வேகமாகப் பரவும். பின்னால் பிறந்த சத்தம் சட்டம் வழியாக வந்து, முன்னால் உள்ள அகலமான பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒலிக்கலாம்.

அதனால் ‘எங்கே’ என்று தேடாமல் ‘எதோடு சேர்ந்து’ என்று கேட்பது நல்லது. ஆள் இல்லாத சாலையில் நாற்பதில் மூன்றாம் கியரில் போங்கள், அப்புறம் அதே வேகத்தில் நான்காம் கியர். சக்கரத்தின் சுழற்சி மாறவில்லை, எஞ்சினுடையது மாறிவிட்டது. சத்தமும் மாறினால் எஞ்சினோடு துடிக்கும் பாகம். மாறாவிட்டால் சக்கரம், பிரேக், செயின் பக்கம் பாருங்கள். இருபதில் போகும்போது கப்சாய் சக்கரம் நொடிக்கு மூன்று சுற்றுதான் சுற்றும், அந்த ‘டக் டக்’கை எண்ணியே விடலாம். பள்ளத்தில் மட்டும் வந்தால் கூடையையும் சீட்டுக்கு அடியில் கிடக்கும் ஸ்பேனரையும் முதலில் வெளியே எடுங்கள். பாதித் தகராறு அங்கேயே தீரும்.

காலையில் கத்திவிட்டுச் சூடானதும் அடங்கினால் புகைக்குழாயின் மேல்தகட்டைச் சந்தேகிக்கலாம். ஒரு மீட்டர் எஃகுக் குழாய் 300 டிகிரி சூடேறினால் மூன்றரை மில்லிமீட்டர் நீளும். தளர்ந்த இடைவெளி அதில் அடைபட்டுவிடும்.

சரி, திருகு ஏன் தளர்கிறது? மேலும் கீழும் இழுபடுவதைவிட, பிடித்திருக்கும் இரண்டு பாகங்களும் பக்கவாட்டில் வழுக்குவதுதான் அதை வேகமாகக் கழற்றுகிறது என்று ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் காட்டினார். பக்கவாட்டில் வழுக்கும் கணத்தில் மரையைப் பிடித்திருக்கும் உராய்வு சுழலும் திசையில் ஏறக்குறைய இல்லாமல் போகிறது, நட் தானாகவே மரையின் சரிவில் இறங்குகிறது. பலர் நம்பும் ஸ்பிரிங் வாஷர் இதைப் பெரிதாகத் தடுப்பதில்லை. சரியான இறுக்கமும், மரையில் ஒரு சொட்டு பூட்டுப் பசையும் அதைவிட மேல்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பாலிக் புலாவ் ஏற்றத்தில் திராட்டிலை முறுக்கும்போது எஞ்சின் அடியிலிருந்து கனமாக ‘டொக் டொக்’ என்று வந்தால், அது தகடு அல்ல, பெரும்பாலும் கிராங்க் பக்கத்துப் பேரிங். வண்டியை அங்கேயே அணைத்து, லாரியில் ஏற்றிப் பட்டறைக்கு அனுப்புங்கள்.