மூன்று மொழியிலும் தடுமாறும் பிள்ளையைத் தமிழிலும் சோதியுங்கள்

பினாங்கில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்புச் சிக்கல்களைக் கவனித்து வரும் என்னிடம் வரும் பெற்றோரில் பலர், ஒரு முடிவை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுதான் வருகிறார்கள். "தமிழ், மலாய், ஆங்கிலம் என்று மூன்று மொழி இவனுக்குத் தாங்கவில்லை, மலாய்வழித் தேசியப் பள்ளிக்கு மாற்றிவிடலாமா டீச்சர்?" என்பதே அவர்களின் முதல் கேள்வி. டிஸ்லெக்சியா எனும் வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு அந்த மாற்றத்தால் பெரிதாக எதுவும் தீர்வதில்லை. பேச்சில் உள்ள ஒலிகளைப் பிரித்து உணர்வதிலும், அவற்றை எழுத்தோடு விரைவாக இணைப்பதிலும்தான் அதன் வேர் இருக்கிறது. எந்தப் பள்ளிக்குப் போனாலும் அது பிள்ளையோடு கூடவே போகும். அறிவுத்திறனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பெரும்பாலும் குடும்பவழி வருவதால், "நானும் சின்ன வயதில் இப்படித்தான்" என்று தந்தையோ மாமாவோ சொன்னால், அதையும் குறித்துக்கொள்கிறேன்.

ஒரே குறைபாடு மூன்று மொழியிலும் மூன்று விதமாகத் தெரிவதால்தான் குழப்பம் வருகிறது. மலாயை எழுதும் ரோமன் எழுத்தான ரூமியில் 'பி'யையும் (b) 'டி'யையும் (d) வயிறு எந்தப் பக்கம் என்பதை வைத்தே பிரித்தறிய வேண்டியிருப்பதால், மலாய்ப் பாடத்தில் 'பூக்கு' என்பது 'டூக்கு' ஆகிவிடும். புத்தகம் பழமாகிவிட்டதே என்று வீட்டில் சிரிப்பார்கள். (ஏழு வயது வரை இத்தகைய மாற்றம் மற்றப் பிள்ளைகளிடமும் காணப்படுவதுதான்.) தமிழில் அப்படி ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான எழுத்துகள் இல்லாததால், தமிழில் தலைகீழாக எழுதாத பிள்ளைக்கு டிஸ்லெக்சியா இருக்காது என்று சிலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். தமிழில் தடுமாற்றம் வேறு இடத்தில் தலைகாட்டும். 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றில் உயிர்க்குறி மெய்க்கு முன்னால் நிற்க, அதன் ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ'வில் குறி இருபுறமும் பிரிந்து நிற்கிறது. 'கொடி' என்ற சொல்லைக் கொடுத்தால் பிள்ளை 'கெ' என்று தொடங்கி, துணைக்காலைக் கண்டதும் நின்று, மறுபடி தொடங்கி, கடைசியில் பக்கத்துப் படத்தைப் பார்த்து 'மரம்' என்று சொல்லிவிடும். இரண்டு வரி தள்ளி அதே 'கொடி' வந்தாலும் புதிய சொல்லைப் பார்ப்பதுபோல மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். அதே கதையை நாம் வாசித்துக் காட்டினால் கேள்விகளுக்கெல்லாம் சரியாகப் பதில் சொல்லும். இந்த இடைவெளிதான் முக்கியமான அறிகுறி. லகர ளகர ழகரக் குழப்பம் மட்டும் இருந்தால் நான் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை. அது பெரியவர்களின் எழுத்திலேயே தாராளமாக உண்டு.

247 எழுத்துகளும் கைவர எல்லாப் பிள்ளைகளுக்குமே காலம் பிடிக்கும் என்பதால், ஆண்டு 1 தடுமாற்றத்தை மட்டும் வைத்துப் பெயர் சூட்டிவிடக் கூடாது. ஆனால் பாலர் பள்ளியிலிருந்தே எழுத்து மனத்தில் தங்காமல், ஆண்டு 2 முடியும் தறுவாயிலும் நிலைமை மாறவில்லை என்றால், காத்திருப்பதில் பயனில்லை. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்க வேண்டும். பள்ளிகளில் கல்வி அமைச்சின் டிஸ்லெக்சியா சரிபார்ப்புப் பட்டியல் இருக்கிறது. ஐயத்தை உறுதிப்படுத்த அது போதாது, அடுத்த கட்டத்துக்கு அனுப்ப அது போதும். அதைக் கையில் வைத்துக்கொண்டு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிற்குச் சென்று, மருத்துவமனையின் குழந்தைநலப் பிரிவுக்கோ உளவியல் பிரிவுக்கோ பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். தனியாரிடம் விரைவில் இடம் கிடைக்கும், செலவு கூடுதல்.

மதிப்பீடு பெரும்பாலும் ஆங்கிலத்திலோ மலாயிலோதான் நடக்கிறது. வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் பிள்ளை ஆங்கிலச் சொல்லைப் படிக்கத் திணறுவது எதையும் நிரூபிக்காது. ஆகவே தமிழ் வாசிப்பு, தமிழ் எழுத்து மாதிரிகளைக் கொண்டுபோங்கள். 'பாடம்' என்பதில் 'பா'வை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன என்பதுபோன்ற ஒலிப் பயிற்சியைத் தமிழிலும் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

கோலாலம்பூரில் இயங்கும் மலேசிய டிஸ்லெக்சியா சங்கம் உட்பட, நாட்டில் சிறப்புப் பயிற்சி தரும் இடங்கள் உண்டு. ஒரு நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும்முன் அவர்கள் எப்படிக் கற்பிக்கிறார்கள் என்று கேளுங்கள். சாமுவேல் ஆர்ட்டனும் அன்னா கில்லிங்ஹமும் 1930-களில் வகுத்த வழியில், ஒலியையும் எழுத்தையும் எளிதிலிருந்து கடினத்துக்குப் படிப்படியாக, கண், காது, கை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பழக்கும் முறை இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளிப்பாடத்தையே இன்னொரு முறை வேகமாகச் சொல்லித்தரும் டியூஷன் இதற்கு ஈடாகாது. வண்ணக் கண்ணாடி, மூளைப் பயிற்சி, ஞாபகசக்தி மாத்திரை என்று எவராவது ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழில் இப்பயிற்சி தருவோர் அரிது என்பது உண்மைதான். ஆனால் மலாயில் நடக்கும் ஒழுங்கையே தமிழாசிரியர் எடுத்துக்கொண்டு, முதலில் அகர வரிசை, பிறகு துணைக்கால், அதன்பின் முன்னால் நிற்கும் குறிகள் என்று, தினமும் கால் மணி நேரம் நடத்தினாலே மாற்றம் தெரியும்.

மாற்றுத்திறனாளி அட்டை என்றதும் பெற்றோர் பின்வாங்குகிறார்கள். நாளைக்குக் கல்யாணம், வேலை என்று வரும்போது இடைஞ்சலாகுமோ என்ற பயம். சமூக நல இலாகாவில் பதிவது கட்டாயமில்லை. கற்றல் குறைபாடு என்ற பிரிவில் விரும்புவோர் பதிந்துகொள்ளலாம். பதிந்தாலும் பதியாவிட்டாலும் மருத்துவ அறிக்கையின் நகல் ஒன்று பள்ளியில் இருப்பது நல்லது. வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் சத்தம்போட்டு வாசிக்க வைக்காமல் இருக்கவும், கேள்வியை வாய்மொழியாக வாசித்துக் காட்டவும் ஆசிரியரை அதை வைத்துத்தான் கேட்க முடியும். படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்குக் கூடுதல் நேரம் தரும் ஏற்பாடு இருக்கிறது; அதற்கு ஆவணங்களோடு பள்ளி வழியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதால், படிவம் ஐந்தில் ஓடித் தேடாமல், இடைநிலைப்பள்ளியில் சேர்க்கும்போதே அந்த நகலை ஆலோசக ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.