கழிவு கலந்தால் கடல் களிமண் இறுகுமா, இளகுமா?

தொழிற்சாலைக் கழிவு படிந்த கடலடிக் களிமண் வலுவிழக்குமா, இல்லை இறுகிப்போகுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். துறைமுகத்துக்காகத் தூர்வாருபவர்களும், கடலைத் தூர்த்து நிலமாக்குபவர்களும் தூக்கமின்றி யோசிக்கும் கேள்வி இது. இரண்டும் நடக்கும்; எந்தக் கழிவு என்பதுதான் விஷயம்.

களிமண் துகள் மணலைப் போல உருண்டு திரண்டதல்ல, இரண்டு மைக்ரானுக்கும் சிறிய தட்டை ஏடு. படிகத்துக்குள் சிலிக்கனின் இடத்தில் அலுமினியமும், அலுமினியத்தின் இடத்தில் மக்னீசியமும் உட்கார்ந்துவிடுவதால் அதன் முகத்தில் எப்போதும் எதிர்மின்னூட்டம் உண்டு. சரி, அது வேதியியல் பாடம். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த கட்டம்.

அந்த ஏட்டைச் சுற்றி, தண்ணீரில் உள்ள சோடியம் போன்ற நேர்மின் அயனிகள் ஒரு மேகமாகக் கூடுகின்றன. உப்பு குறைந்த நன்னீரில் இந்த மேகம் பத்து நானோமீட்டர் அளவுக்குப் பரவும். இரண்டு ஏடுகள் நெருங்கும்போது மேகங்கள் முட்டி ஒன்றையொன்று தள்ளிவிடும். கடல்நீரிலோ லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு. மேகம் அரை நானோமீட்டருக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. தள்ளுவதற்கு ஆளில்லாததால் ஏடுகள் நெருங்கி, ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் முகத்தில் ஒட்ட, சீட்டுக்கட்டு வீடு மாதிரி ஓட்டையும் உடைசலுமாக அடுக்கிக்கொள்கின்றன. அந்த ஓட்டைகளில் இருக்கும் தண்ணீரின் எடை, சில கடல் களிமண்களில் திடப்பொருளின் எடையையே மிஞ்சும். இத்தனை தண்ணீரோடும் அது தன் எடையைத் தாங்கி நிற்கிறது!

உப்பு போனால் என்னவாகும் என்பதை நார்வேயின் ரிசா என்ற ஊர் காட்டியது. பனியுகம் முடிந்தபின் நிலம் உயர்ந்து, கடல் களிமண் கரையேறியது. நிலத்தடி நீர் மெல்ல மெல்ல உப்பைக் கழுவிவிட்டது. அடுக்கு அப்படியே நின்றது, ஒட்டு மட்டும் போய்விட்டது. 1978 ஏப்ரல் 29 அன்று, பண்ணைக் கட்டடத்துக்காகத் தோண்டிய மண்ணை ஏரிக்கரையில் குவித்தார்கள். அந்தச் சிறு பாரம் போதும். கரை உடைந்து, நிலம் திரவமாகி வீடுகளோடு ஏரிக்குள் ஓடியது. இப்படிக் குழம்பான களிமண்ணில் கொஞ்சம் உப்பைப் போட்டுக் கலக்கினால் கண்ணெதிரே கெட்டியாகும்.

இப்போது கழிவுக்கு வருவோம். ஈயம், துத்தநாகம் போன்ற உலோக அயனிகளுக்கு இரட்டை மின்னூட்டம் என்பதால் மேகத்தை இன்னும் சுருக்கும். ஆனால் கடலில் அது ஏற்கெனவே சுருங்கிக் கிடப்பதால் பெரிய மாற்றம் தெரியாது. கரைப்பான்கள் வேறு ரகம். தண்ணீரின் மின்கடத்தாப் பொருள் மாறிலி, அதாவது மின்னூட்டங்களுக்கு இடையேயான விசையை அது எத்தனை மடங்கு தணிக்கிறது என்பதன் அளவு, சுமார் 80. பல கரிமத் திரவங்களுக்கு அது மிகக் குறைவு. அவை செறிவாக உள்ளே போனால் ஏடுகள் கொத்துக்கொத்தாகச் சேர்ந்து வண்டல் துகள் போல நடந்துகொள்ளும். தண்ணீரைத் தாங்கும் திறன் குறையும், உராய்வு கூடும், கூடவே விரிசல் விட்டு ஒழுகவும் தொடங்கும். அதாவது மண் 'வலுவான' கணத்திலேயே கழிவைத் தடுக்கும் வேலையில் தோற்கும்.

எதிர்த்திசையில் இழுப்பது பாஸ்பேட். ஏட்டின் விளிம்பில் ஒட்டி அதையும் எதிர்மின்னாக்கிவிடும். விளிம்பும் முகமும் பிரியும், மண் இளகும். துகள் அளவு சோதனையில் களிமண்ணைப் பிரித்தெடுக்க ஆய்வகங்கள் ஊற்றுவதும் சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட்தான்.

இங்கே என் குறை ஒன்று. கடல் களிமண்ணை அடுப்பில் உலர்த்தி, பொடித்து, காய்ச்சி வடித்த நீரில் குழைத்துத் திரவ எல்லையை (எவ்வளவு தண்ணீர் சேர்ந்தால் மண் திரவம்போல ஓடத் தொடங்கும் என்ற அளவை) கண்டுபிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். உலர்த்தியதில் துகள்கள் திரண்டு எண் குறையும், நன்னீரில் உப்பு நீர்த்துப்போகும். அங்கே அளக்கப்படுவது கடலடியில் கிடக்கும் மண்ணே அல்ல. தூர்வாரும் இயந்திரங்களுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு துளியை, மாதிரியை அதன் சொந்த நீரோடு மூடிவைத்துச் சோதிக்க ஒதுக்கலாம்.

தோண்டி வெளியே போடுவதிலும் சிக்கல். ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் சேற்றைக் கறுப்பாக்கும் இரும்பு சல்பைடு, மற்ற உலோகங்களையும் சல்பைடாகப் பிடித்து வைத்திருக்கும். காற்றுப் பட்டதும் அது ஆக்சிஜனேற்றமாகி அமிலம் உண்டாகும், உலோகம் கரைந்து வெளியேறும். அப்புறம் சிமென்ட் கலந்து கெட்டிப்படுத்தப் பார்த்தால், துத்தநாகமும் ஈயமும் சிமென்ட் இறுகுவதைத் தாமதப்படுத்தும். கரிமப் பொருளும் அதையே செய்யும். அதனால் சிமென்ட் எவ்வளவு என்பதை வேறொரு துறைமுகத்தின் கணக்கை வைத்து முடிவுசெய்ய முடியாது.