சாலரி கேப்: உச்சவரம்பா, கைப்பணமா?

பெரம்பூரில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கும் பையன்கள் சிலர் அமெரிக்க பேஸ்பாலை வைத்து ஃபேன்டசி லீக் நடத்துகிறார்கள்: நிஜ ஆட்டக்காரர்களை ஏலத்தில் எடுத்துக் கற்பனை அணி அமைக்கும் விளையாட்டு. காசு கட்டுவதில்லை, ஜாலிக்குத்தான். விதிகளைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது, ஓர் அணி ஆட்டக்காரர்களுக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்ற எல்லையைச் சொல்லும் ‘சாலரி கேப்’ இடித்தது. ஒருவர் ‘சம்பளத் தொப்பி’ என்றே எழுதிவிட்டார்.

சாலரியின் வேர் லத்தீன் ‘சலாரியம்’. அதற்குள் இருக்கும் ‘சால்’ உப்பு. ரோமானியப் படைவீரருக்கு உப்பையே கூலியாக அளந்தார்கள் என்ற கதைக்கு உறுதியான சான்று கிடையாது. நம் சம்பளத்தையும் ‘சம்பா’, ‘அளம்’ என்று பிரித்து, நெல்லும் உப்புமாகக் கொடுத்த கூலி என்பார்கள். அளம் என்றால் உப்பளம். எண்ணூர், அத்திப்பட்டுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் வழிச்செலவுக்கான கட்டுச்சோற்றைக் குறிக்கும் ‘சம்பல’ என்ற வடசொல்லும் இருப்பதால், இந்தப் பிரிப்பை நான் முழுதாக நம்புவதில்லை. ‘ஊதியம்’ குறளில் ஆதாயம் என்ற பொருளில் வருகிறது. கூலி என்பது பிற்பாடு வந்த பொருள்.

கேப்புக்கு மூலம் லத்தீன் ‘காப்பா’, தலையை மூடும் துணி. மூடி என்பதிலிருந்து ‘இதற்கு மேல் போகாதே’ என்ற பொருள் வந்தது. தமிழில் இதற்குத் தொப்பியைத் தேட வேண்டாம். 1961இன் நில உச்சவரம்புச் சட்டம் நல்ல சொல்லை நமக்குப் பழக்கிவிட்டது. வரம்பு என்பது வயலின் வரப்பு. ஆக, நிஜ அணிகளுக்குச் ‘சம்பள உச்சவரம்பு’ கச்சிதம். அமெரிக்கக் கூடைப்பந்தில் 1984-85 பருவத்தில் அது 36 லட்சம் டாலர். வேடிக்கை என்னவென்றால், நிஜ பேஸ்பாலில் இந்த வரம்பே கிடையாது. 1994இல் முதலாளிகள் கொண்டுவரப் பார்த்தார்கள். ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ய, அந்த வருடம் பருவத்தின் இறுதிப் போட்டியான உலகத் தொடரே (வேர்ல்ட் சீரிஸ்) நடக்கவில்லை. இப்போது இருப்பது அளவு மீறிச் செலவழிக்கும் அணிக்கு வரி மட்டும்.

ஃபேன்டசியில் கதை வேறு. அங்கே யாருக்கும் யாரும் சம்பளம் தருவதில்லை. பேஸ்பால் நட்சத்திரம் ஷோஹெய் ஒஹ்தானியின் ஒப்பந்தம் 10 ஆண்டுக்கு 70 கோடி டாலர் என்றாலும், ஏலத்தில் அந்த எண்ணுக்கு வேலையில்லை. வழக்கமான கணக்கு: அணி நடத்தும் ஒவ்வொருவருக்கும் 260 டாலர் கற்பனைப் பணம், அதில் 23 ஆட்டக்காரரை எடுக்க வேண்டும். ஒருவருக்குக் குறைந்தது 1 டாலர் என்பதால், மீதி 22 இடத்துக்கு 22 டாலரை ஒதுக்கிவிட்டு, முதல் ஆளுக்கு அதிகபட்சம் 238 வரைதான் கேட்கலாம். காசிமேட்டு மீன் ஏலத்தில் வஞ்சிரத்துக்கே எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் சங்கராவுக்குக் கையில் ஏது? (ஏலம் என்ற சொல்லே போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது.)

இதை உச்சவரம்பு என்பதைவிட ‘கைப்பணம்’ என்பதே சரி என்பேன். ஏலம் முடிந்ததும் 260இன் வேலையும் முடிந்துவிடும். நடுவில் ஆள் மாற்றிக்கொண்டாலும் பழைய விலையைக் கூட்டிப் பார்ப்பதில்லை. ஐபிஎல்லில் ‘பர்ஸ்’ என்கிறார்களே, அந்த மாதிரி.

சில லீக்குகளில் 260 பருவம் முழுக்க நிற்கும். 30 டாலர் ஆளைக் கழற்றிவிட்டால் 30 திரும்பி வரும். 12 டாலர் ஆளைக் கொடுத்து 25 டாலர் ஆளை வாங்க, வரம்பில் 13 டாலர் இடம் வேண்டும். இங்கே பொருந்துவது ‘விலை வரம்பு’. சம்பளம் என்ற சொல்லை இதிலும் சேர்க்க மாட்டேன்.

ஆங்கிலம் இரண்டையும் சாலரி கேப் என்றே அழைப்பதால்தான் பருவத்தின் நடுவில் சண்டை வருகிறது. பெரம்பூர்ப் பையன்களின் விதித் தாளில் இப்போது இப்படி இருக்கிறது: “கைப்பணம் 260, ஏல நாளுக்கு மட்டும். அதன்பிறகு விலை வரம்பு 280. அடிபட்டு வெளியே இருப்பவரின் விலை கணக்கில் சேராது.” கடைசி வரியைத்தான் இன்னும் ஒருவர் ஒப்புக்கொள்ளவில்லை.