நள்ளிரவில் அலறும் கார்: வயரை வெட்டும் முன் பானெட்டைப் பாருங்கள்

"இந்த அலாரமே வேண்டாம்ணே, வயரை வெட்டி விட்டுடுங்க" என்றுதான் பலரும் வண்டியைக் கொண்டு வருகிறார்கள். தூக்கம் கெட்ட எரிச்சலோடு அக்கம்பக்கத்தாரிடம் வாங்கிய பேச்சும் சேர்ந்திருக்கும். கோபம் நியாயம்தான். ஆனால் இன்றைய கார்களில் அலாரம், சென்ட்ரல் லாக், சரியான சாவி இல்லாமல் இன்ஜினை ஸ்டார்ட் ஆக விடாத இம்மொபிலைசர் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கண்ட வயரை வெட்டினால் மறுநாள் வண்டி ஸ்டார்ட் ஆகாமலே போகலாம்.

எலக்ட்ரீஷியனாக நான் முதலில் கேட்பது, எப்போது அலறுகிறது என்பதைத்தான். மழைக்குப் பிறகா? விடியற்காலைக் குளிரிலா? பூட்டிய ஒரு நிமிடத்திலா? பெரிய லாரி கடக்கும்போதா? பெரும்பாலும் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஓரிரு நாள் நேரத்தையும் நிறுத்திய இடத்தையும் போனில் குறித்து வாருங்கள் என்றால் முகம் சுளிப்பார்கள். ஆனால் பாதி வேலை அந்தக் குறிப்பிலேயே முடிந்துவிடும்.

மழைக்குப் பிறகு என்றால் என் கை நேரே பானெட்டுக்குத்தான் போகும். பானெட் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று அலாரத்துக்குச் சொல்ல அங்கே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. சில கார்களில் லாட்ச்சுக்குள்ளேயே, அதாவது பானெட்டைப் பிடித்துப் பூட்டும் கொக்கிக்குள்ளேயே இருக்கும், சிலவற்றில் விரலால் அமுக்கக்கூடிய பின் போல ஓரத்தில் நிற்கும். தண்ணீர், தூசி, இன்ஜின் சூடு எல்லாம் படுகிற இடம் அது. உள்ளே பச்சை பூத்துப் போனால், பானெட் மூடியே இருந்தாலும் திறந்துவிட்டதாகத் தகவல் போகும், சைரன் கத்தும். பின் வகையில் துருவும் வேண்டாம், மேலே மோதும் ரப்பர் தேய்ந்தாலே போதும். பின் முழுசாக அமுங்காமல் ஓரிரு மில்லிமீட்டர் தொங்கலில் நிற்கும், காற்றடித்துப் பானெட் லேசாக அதிர்ந்தாலும் தொடர்பு விட்டுவிட்டு வரும். சுவிட்சின் வயர் கனெக்டரைக் கழற்றி, மின் இணைப்புகளைச் சுத்தம் செய்யும் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, காயவிட்டு மாட்டினாலே பல வண்டிகள் அடங்கிவிடுகின்றன. அடங்காவிட்டால் சுவிட்சை மாற்ற வேண்டும். அதிகச் செலவு வைக்கும் பொருள் இல்லை.

கதவு, டிக்கி லாட்ச்சுகளிலும் இதே வகை சுவிட்ச் உண்டு. இதை நீங்களே கண்டுபிடிக்கலாம். எல்லாக் கதவையும் மூடிய பிறகும் டேஷ்போர்டில் கதவு திறந்திருக்கும் விளக்கு எரிந்தாலோ, ஓடும்போது உள்விளக்கு மினுக்கினாலோ ஏதோ ஒரு கதவின் சுவிட்ச்தான் காரணம். ரிமோட்டில் பூட்டும்போது இண்டிகேட்டர் வழக்கம்போல் மின்னாமல் இருந்தாலும் ஏதோ ஒன்று திறந்திருப்பதாக வண்டி நினைக்கிறது என்று அர்த்தம்.

விடியற்காலையில் அலறுவது வேறு கதை. அங்கே பேட்டரியைச் சந்தேகப்படுவேன். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் வைத்தால் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான் மிச்சம், 12-க்குக் கீழே போனால் காலி என்றே வையுங்கள். குளிரில் பேட்டரியின் சக்தி இன்னும் குறையும். மின்னழுத்தம் சரிவதை யாரோ வயரில் கை வைத்ததாக எடுத்துக்கொள்ளும் அலாரங்கள் உண்டு. "காலையில் செல்ஃப் அடிச்சா ஸ்டார்ட் ஆகுதே" என்பார்கள். சரி, ஆகட்டும். அப்படி ஸ்டார்ட் ஆகிற பேட்டரியே இரவில் அலாரத்தைக் கிளப்பிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். பேட்டரியில் வயர் மாட்டும் டெர்மினல் தளர்ந்திருந்தாலும் இதே கூத்துதான். அதை முதலில் இறுக்கிவிட்டு அப்புறம் பேட்டரியைக் குறை சொல்லுங்கள்.

உள்ளே அசைவைக் கண்டுபிடிக்கும் அல்ட்ராசோனிக் சென்சார் இருக்கும் கார் என்றால், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டுப் பூட்டாதீர்கள். காற்று உள்ளே வந்தாலே அதற்குப் போதும். கண்ணாடியில் தொங்கும் பொம்மை, உள்ளே மாட்டிக்கொண்ட பூச்சி, பிறந்தநாள் விழா முடிந்து பின் சீட்டில் மறந்துவிட்ட பலூன், எதுவும் திருடனாகத் தெரியும். வண்டியைத் தூக்கி நிறுத்தும் பார்க்கிங்கிலோ படகிலோ ஏற்றினால் சாய்வு சென்சாரும் கிளம்பும். பல கார்களில் இவற்றை மட்டும் தற்காலிகமாக அணைக்க ஒரு பட்டனோ மெனுவோ உண்டு, மேனுவலைப் புரட்டுங்கள்.

வெளியில் வாங்கி மாட்டிய அலாரத்துக்கு அதிர்வு சென்சார்தான் முதல் சந்தேகம். அதில் உணர்திறனைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சின்ன திருகு இருக்கும். மாட்டியவர் அதை உச்சத்தில் வைத்துவிட்டுப் போயிருப்பார், பட்டாசு வெடித்தாலே கத்தும். கொஞ்சம் குறைத்து, கண்ணாடியை உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள்; லேசான தட்டுக்கு அமைதியாகவும் பலமான தட்டுக்குச் சத்தமாகவும் இருந்தால் சரி.

சில சைரன்களுக்குள் தனியாக ஒரு சிறு பேட்டரி இருக்கும். திருடன் கார் பேட்டரியைக் கழற்றினாலும் கத்த வேண்டும் என்பதற்காக வைத்தது. வருடங்கள் ஆக ஆக அது கசிந்து சர்க்யூட் போர்டை அரிக்கும். அப்புறம் காரணமே இல்லாமல் கத்தும், கார் பேட்டரியைக் கழற்றினாலும் நிற்காது. சுவிட்ச் எல்லாம் சரியாக இருந்தும் விடை கிடைக்கவில்லை என்றால் சைரனைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இன்றைக்கு ராத்திரி தூங்கியாக வேண்டும், மெக்கானிக் நாளைக்குத்தான் என்றால், ரிமோட்டை விட்டுவிட்டுக் கதவைச் சாவியால் பூட்டிப் பாருங்கள். பல கார்களில் அப்படிப் பூட்டினால் அலாரம் விழித்துக்கொள்ளாது, கதவு மட்டும் பூட்டிக்கொள்ளும். உள்ளே விலை உயர்ந்த பொருள் எதையும் வைக்காதீர்கள்.